வழிப்போக்கன் கண்டெடுத்த பொருள்கள்

முதலில், எழுதுவதற்குத் தனியாக மேசையும் நாற்காலியும் கொடுத்து உட்கார வைத்ததற்கு நன்றி. எங்கள் கம்பெனிக்குக் கடைசிவரை ஒரு மேசை அமையவே இல்லை. விடுதி அறையில் என் கூட்டாளி ஆமை கட்டிலில் சம்மணம் போட்டு மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வான். நான் ஜன்னலோரமாகத் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். துணி காயப்போடும் கொடி எங்கள் இருவருக்கும் நடுவே ஓடியதால், முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் ஈரத் துண்டை விலக்கித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இந்த மேசை ஆடாமல் நிற்கிறது. எழுதச் சுகமாக இருக்கிறது.

விசாரணைக் குழுவான உங்கள் மூவர் சார்பில், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார் முதல்வர். அப்படியே செய்கிறேன். ஆமையை நீங்கள் காலையிலிருந்து வார்டன் அறையில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் என் அறைத்தோழன், கம்பெனியில் சரிபாதிக் கூட்டாளி. அவனுக்கும் காணாமல்போன பொருள்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைச் சொல்லத்தான் நானாக நடந்து வந்தேன். என்னைக் கையும் களவுமாக யாரும் பிடிக்கவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஆமை என்ற பெயரை வைத்தது வகுப்பு. இரண்டே விரலால்தான் தட்டச்சு செய்வான். ஒரு வரி எழுதிவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் எழுதும் புரோகிராம் எல்லாம் இரண்டு நாளில் குப்புற விழும். அவன் எழுதியது ஒருநாளும் விழுந்ததில்லை. ஆனால் காலையில் கழற்றி வைத்த கண்ணாடி எங்கே என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பேனா, சாவி, அடையாள அட்டை, ஒருமுறை தான் போட்டிருந்த சட்டை, எதையும் எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவான். சட்டையை எப்படித் தொலைத்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உங்கள் மூவரில் ஒருவரான பேராசிரியர் எங்களுக்குத் தொழில் தொடங்குவது பற்றி வகுப்பு எடுத்தார். "ஜனங்களுக்கு எங்க வலிக்குதோ அங்க போய் நில்லுங்க. அங்கதான் உங்க கம்பெனி இருக்கு" என்றார். அவருக்கு ஞாபகம் இருக்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியது நான்தான். பின்வரிசையில் உட்கார்ந்து, நேற்றுத் தொலைத்த சாவியைப் பையில் துழாவிக்கொண்டிருந்தது ஆமை. வலி அவனுக்கு இருந்தது, காது எனக்கு இருந்தது. கம்பெனி பிறந்துவிட்டது.

நாங்கள் செய்த மொபைல் ஆப்புக்குக் 'கிடைச்சிடுச்சு' என்று பெயர் வைத்தோம். பொருளைத் தொலைத்தவர் தொலைத்ததைப் பற்றி எழுத வேண்டும். எங்காவது ஒரு பொருளைக் கண்டெடுத்தவர் அதைப் பற்றி எழுத வேண்டும். இரண்டும் ஒரே பொருளா என்று புரோகிராம் பார்த்துச் சொல்லும். கண்டெடுத்தவர் அதை நூலக வாசலில் இருக்கும் மர அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம். தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்வார். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி ஏற்பாடு என் யோசனை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆரம்பத்தில் ஈ ஓட்டினோம். ஆப்பில் வந்த விளம்பரம் எல்லாம் ஆமை தொலைத்தவைதான். கல்லூரி முழுக்க யாரும் எதையும் தொலைக்கவில்லை. இவ்வளவு பொறுப்பான பிள்ளைகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆமை லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் முகம் வாடிப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் செய்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த முகம்தான். இதை முன்னால் எழுதியிருக்க வேண்டும், பரவாயில்லை.

ஒரு மழை நாளில் நூலகத்துக்குப் போனேன். வாசலில் குடைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். நீலப் பூப்போட்ட குடை ஒன்றை எடுத்து, படிக்கட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான். திருடவில்லை. ஒரு பொருளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினேன், அறையைப் பெருக்கும்போது எல்லோரும் செய்வதுதான். குடைக்குச் சொந்தக்காரி வெளியே வந்து தேடினாள். நான் பக்கத்தில் நின்று, "ஆப்ல போட்டுப் பாருங்களேன், யாராவது எடுத்திருப்பாங்க" என்றேன். போட்டாள். வழிப்போக்கன் என்ற பெயரில் நான் உடனே பதில் எழுதினேன். குடை கிடைத்ததும் அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அரைமணி நேரத்துக்கு முன்பு அதே குடையை அவள் சுவரில் எறியாத குறையாகச் சாத்திவிட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தன் குடை மேல் பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

அறைக்குப் போனால் ஆமை கட்டிலில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். "டேய், வேலை செஞ்சிடுச்சுடா. முன்ன பின்ன தெரியாத ஆளு ஒருத்தன் எடுத்து வச்சிருக்கான் பாரேன். ஜனங்க நல்லவங்கடா" என்றான். வாயெல்லாம் பல். கொடியில் கிடந்த துண்டு அவன் தலையில் விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் நிறுத்தியிருந்தால் அதுதான் தப்பு. ஒருவனுக்குச் சோறு போட்டு ருசி காட்டிவிட்டு மறுநாள் இலையை எடுத்துக்கொள்வது போல.

தொழிலில் இறங்கினால் தினமும் ஒன்று கற்றுக்கொள்ளலாம் என்பார்கள், உண்மைதான். செருப்பை ஜோடியாக எடுத்தால் திருட்டு என்று கத்துவார்கள். ஒற்றைச் செருப்பை எடுத்தால், "நான்தான் எங்கயோ விட்டுட்டேன் போல" என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். பேனாவை எடுத்தால் யாரும் தேட மாட்டார்கள், வேறு வாங்கிக்கொள்வார்கள். பேனா மூடியை எடுத்தால் பைத்தியம் பிடித்த மாதிரித் தேடுவார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் கால்குலேட்டர் எடுப்பது லாபம். உடனே திருப்பிக் கொடுத்தால் மதிப்பு இருக்காது. ரொம்ப நாள் கழித்துக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள், பிறகு கிடைத்தும் பிரயோசனம் இல்லை. கண்ணில் நீர் தளும்பி, இன்னும் விழாமல் நிற்குமே, அந்த நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குப் பேராசிரியர் விருப்பப்பட்டால் நான் வந்து பேசுகிறேன்.

வேலை பெருகியது. ஒருவனே எல்லாவற்றையும் கண்டெடுத்தால் சந்தேகம் வரும் என்று 'நல்ல மனசு', 'ரெண்டாம் வருஷம்', 'கேண்டீன் பக்கம்' என்று ஆட்களைச் சேர்த்தேன். ஆனாலும் வழிப்போக்கனுக்கு இருந்த மதிப்பு மற்றவர்களுக்கு வரவில்லை. வேதியியல் துறைப் பெண் ஒருத்தி அவனுக்கு நன்றி சொல்லிக் கவிதை எழுதினாள். ஆண்டுவிழாவில் அவனுக்குச் 'சிறந்த மனிதநேயர்' விருது அறிவித்தது நீங்கள்தான், முதல்வர் அவர்களே. மேடையில் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றுமுறை கூப்பிட்டீர்கள். அரங்கம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை. "விளம்பரம் விரும்பாத மனிதர்" என்று நீங்கள் தழுதழுத்தபோது நானும் எழுந்து நின்றேன். முதலில் கைதட்டியது நான்தான். பக்கத்தில் ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு சோதனை வந்தது. இவ்வளவு பொருள் தொலைகிறதே என்று எல்லோரும் கவனமாக இருக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்குக் கயிறு, பாட்டிலுக்குச் சங்கிலி, குடைக்குப் பூட்டு. வார்டன் எல்லா அறைக்கும் வந்து, பொருள்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொற்பொழிவு ஆற்றினார். எங்கள் அறையில் பேசிவிட்டுப் போகும்போது தன் சாவிக்கொத்தை என் தண்ணீர் கேன் மேல் வைத்துவிட்டுப் போனார். அதை நான் எடுக்கவில்லை, அவராகவே கொடுத்தது. அதையும் வழிப்போக்கன்தான் கண்டெடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்தில் வாட்ச்மேன் அண்ணன் மேல் சிலருக்குச் சந்தேகம் வந்தது. பாவம், புள்ளைகுட்டிக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. திருடன் வீட்டில் திருட்டுப் போகாது என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? அதனால் அவருடைய டார்ச்சையும் விசிலையும் சைக்கிள் சாவியையும் ஒரே வாரத்தில் எடுத்தேன். "என் பொருளே போகுதே சார், நான் யாருகிட்ட போய் சொல்ல" என்று அவர் வார்டனிடம் புலம்பியதும் சந்தேகம் அடியோடு போய்விட்டது. நான் அவருக்குச் செய்த உதவியை இதுவரை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. சைக்கிள் சாவியைக் கொஞ்சம் தாமதமாகத்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. நடப்பது உடம்புக்கு நல்லது.

எங்கள் புகழ் வெளியே பரவியது. ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து முதலீட்டாளர் ஒருவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர், தலை நரைத்தவர். கேண்டீனில் எங்கள் எதிரே உட்கார்ந்து டீயை உறிஞ்சிவிட்டு, "என் கார் சாவி தொலைஞ்சிடுச்சு. கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார். எங்களைச் சோதிக்க அவரே அதை எங்கேயோ போட்டுவிட்டு வந்திருக்கிறார். என்ன மாதிரியான ஆள் பாருங்கள். ஊரை ஏமாற்ற வேண்டுமென்றே ஒரு பொருளைத் தொலைப்பதா?

நான் எடுக்காத பொருளை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வி எனக்கு அதுவரை வந்ததே இல்லை. கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வாகன நிறுத்தம், மாடிப்படி, குப்பைத்தொட்டி எல்லாம் ஓடி ஓடித் தேடினேன். திரும்பி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆமை நிதானமாக பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இப்படி வேர்த்துப்போயிருக்க? உக்காரு. வரும்" என்றான்.

"எப்படிடா வரும்?"

"யாராவது பாத்திருப்பாங்கடா. பாத்தா போடுவாங்க. எப்பவும் போடுறாங்கதானே?"

அவன் பிஸ்கட்டைத் தின்று முடிப்பதற்குள் வந்துவிட்டது. முதலாமாண்டு மாணவி ஒருத்தி, பூந்தொட்டிக்குள் ஏதோ பளபளக்கிறதே என்று குனிந்து பார்த்திருக்கிறாள். யார் அவள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக நான் இல்லை. அதாவது, அந்தச் சாவி உண்மையிலேயே தொலைந்து, உண்மையிலேயே கிடைத்தது. பிற்பாடு எண்ணிப் பார்த்தால், சில மாதங்களாகவே ஆப்பில் பாதிக்குமேல் நிஜமாகத் தொலைந்த பொருள்களும் நிஜமாகக் கண்டெடுத்த ஆட்களும்தான் என்று, ஆமையின் கணக்கில் என் பங்கைக் கழித்தபோது தெரிந்தது. நான் இல்லாமலே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி குனிவாள் என்று நம்பி ஒரு கம்பெனியை நடத்தக் கூடாது. அன்றிலிருந்து என் வேலையில் கூடுதல் கவனம் வைத்தேன்.

முதலீட்டாளர் எங்கள் அறைக்கு வந்தார். கொடியில் தொங்கிய என் பனியனை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு ஆமையின் கட்டிலில் உட்கார்ந்தார். அவன் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தார். "ரெண்டும் ஒரே பொருள்தான்னு இதுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

ஆமை தலையைச் சொறிந்தான். "தொலைச்சவங்களும் எடுத்தவங்களும் ஒரே மாதிரி பேச மாட்டாங்க சார். எடுத்தவங்க பாத்ததைச் சொல்லுவாங்க. கறுப்பு வாட்ச், கண்ணாடில கீறல்னு. தொலைச்சவங்க எங்க அப்பா வாங்கிக் குடுத்த வாட்ச்னு சொல்லுவாங்க. அவங்களுக்குக் கீறல் தெரியாது. அந்த ரெண்டு பேச்சையும் சேத்து வைக்கறதுதான் இந்தப் புரோகிராம்."

முதலீட்டாளர் அந்த வரிகளை இன்னொருமுறை படித்தார். பிறகு அவனுக்கு வெளிநாட்டில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் வேலை என்றார். படிப்பையும் அங்கேயே முடிக்கலாம், டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருவார்கள் என்றார். நான் துண்டை விலக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பி, "நீங்க இங்க இருந்து பாத்துக்கங்க தம்பி" என்றார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. சட்டையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவனை முன்பின் தெரியாத ஊருக்கு யார் அனுப்புவார்கள்? அவன் இல்லாத அறையை நினைத்து அன்றிரவு விழித்துக்கொண்டே கிடந்தேன். அதுவும் அவனுக்காகத்தான்.

அவன் அம்மா தையற்காரர். தனியாளாக நின்று அவனை வளர்த்தவர். பயணச் செய்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடப் போகிறானே என்று கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரிச் சிவப்புத் துணியில் ஒரு பை தைத்து எடுத்து வந்திருந்தார். வாய்க்கு இரண்டு பொத்தான், அதற்கு மேல் ஒரு கொக்கி, அதற்கும் மேல் ஒரு நாடா. விசா குத்தி வந்த பாஸ்போர்ட்டை அதற்குள் வைத்து அவரே கட்டினார். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவன் எதை எங்க வைப்பான்னு இவனுக்கே தெரியாது. பிளேன் ஏறற தேதி வரைக்கும் நீதான்யா பத்திரமா பாத்துக்கணும். உன்ன நம்பித்தான் போறேன்."

"நான் பாத்துக்கறேன்மா" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மறுநாள் அவன் குளிக்கப் போனபோது பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். ஆணியில் மாட்டுவது பத்திரமா? எடுத்துப் பத்திரமாக வைத்தேன்.

குளித்துவிட்டு வந்து தேடினான். கட்டிலுக்கு அடியில், மெத்தைக்கு அடியில், வாளிக்குள், என் தண்ணீர் கேனுக்குள்கூட எட்டிப் பார்த்தான். நானும் கூடவே தேடினேன். ஓர் ஓரத்தில் அவன் வெகு நாளைக்கு முன்பு தொலைத்த சட்டை கிடைத்தது. அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லை.

போலீசில் சொல்லிவிட்டு உடனே வேறு பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஓடுவதுதான் முறை என்றான். அன்றைக்கே ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்கள். நான்தான் தடுத்தேன்.

"ஊர்ல எல்லாருக்கும் கண்டுபிடிச்சுக் குடுக்கற ஆளு, தன் பொருளுக்குப் போலீசுக்குப் போனா நம்ம ஆப்ப யாருடா நம்புவா? உனக்கே நம்பிக்கை இல்லன்னு ஆகிடாதா? போடு. வழிப்போக்கன் இருக்கான்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினான். சிவப்புத் துணிப்பை, எங்க அம்மா தைத்தது, என்று மட்டும் எழுதினான். வேறு எந்தப் புரோகிராம்காரனும் இதைச் செய்திருக்க மாட்டான். தான் எழுதியதைத் தானே இவ்வளவு நம்பும் ஒருவனோடு வேலை செய்ய எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

வழிப்போக்கன் பதில் எழுதவில்லை. கேண்டீன் பக்கமும் எழுதவில்லை. ஆமை சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். யார் மேலும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. "யாரோ எடுத்துப் போட்டிருப்பாங்கடா. என் புரோகிராமுக்குத்தான் புரியல" என்றான். புரோகிராமைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுத ஆரம்பித்தான். அவ்வளவு நல்ல புரோகிராமை அவன் அதற்கு முன்பு எழுதியதில்லை. அந்த நாள்களில் எங்கள் ஆப் அடைந்த முன்னேற்றத்தைப் பார்த்தால் பேராசிரியரே மெச்சுவார். இடையில் விமானம் போய்விட்டது. தலைமை அலுவலகம் வருத்தம் தெரிவித்து வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அவன் அம்மா போனில் அழுதார். நான்தான் போனை வாங்கி ஆறுதல் சொன்னேன்.

"நீ கூட இருந்தும் இப்படி ஆகிடுச்சே தம்பி" என்றார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

புதிய புரோகிராம் நேற்று ஓடி முடிந்தது. ஆமை என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். "இந்த வழிப்போக்கன் எழுதறத பாத்தியா? எடுத்தவன் மாதிரி பேசல. ஹெட்ஃபோன்ல வலது காது மட்டும் கேக்கும்னு எழுதியிருக்கான். மாட்டிக் கேட்டாத்தானே தெரியும்? கேண்டீன் பக்கம், நல்ல மனசு, எல்லாம் ஒரே ஆளுதான்னு சொல்லுது. எல்லாமே நம்ம ரூம் நெட் இணைப்புல இருந்துதான் போயிருக்காம்."

"உன் புரோகிராம்ல எங்கயோ தப்புடா" என்றேன்.

"ஆமா" என்றான். "தப்பாத்தான் இருக்கும்."

அந்த இணைப்பு ஆமையின் பெயரில் இருக்கிறது. வார்டன் அலுவலகத்துக்கும் அந்த அறிக்கை தானாகப் போகும்படி, பாஸ்போர்ட் கிடைக்கட்டும் என்று, அவனேதான் அமைத்திருந்தான். அதனால்தான் காலையில் நீங்கள் அவனை அழைத்துப் போனீர்கள். அறையில் இன்னொருவன் இருக்கிறானே என்று நீங்கள் கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லையாம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட்டேன். குடை முதல் விசில் வரை எல்லாவற்றையும் எடுத்தது நான். பாஸ்போர்ட்டை எடுத்ததும் நான். ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்பு நேற்று நடந்த ஒன்றை மட்டும் நீங்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

திரையை மூடிவிட்டு ஆமை எழுந்தான். என் பக்கத்துச் சுவரையொட்டி, என் துணிமணி வைக்கும் ஓர் இரும்பு பீரோ உண்டு. அதற்குப் பூட்டு கிடையாது. அதன் முன்னால் போய் நின்று கைப்பிடியில் கை வைத்தான்.

"இதுல ஒருதடவ பாக்கட்டுமாடா?" என்று கேட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாராளமா பாரு" என்றேன். மனசாரச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். மாடியில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டான். "வேணாம்டா" என்றான். கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பை அங்கேதான் இருந்தது. மேல்தட்டில், போர்வைக்குப் பக்கத்தில், கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பொத்தான், கொக்கி, நாடா எதையும் நான் அவிழ்க்கவில்லை. ஒரு கதவுதான். அதைத் திறந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கும். உண்மையிலேயே போக வேண்டும் என்று துடிப்பவன் திறக்காமல் இருப்பானா? அவனுக்குப் போக மனசே இல்லை. அம்மாவிடமும் முதலீட்டாளரிடமும் அதைச் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறான். நான் அவனுக்காக அதைச் சொல்லிவிட்டேன்.

ஆகவே அவனை அறைக்கு அனுப்பி வையுங்கள். எங்களுக்கு நிறைய வேலை கிடக்கிறது. நேற்றிலிருந்து அவன் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவ்வளவு நிம்மதி அவனுக்கு.